யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்றால் அது கலைக்களஞ்சியமா?

9 ஜூன் 2024, ரங்கூனிலிருந்து ஒரு தம்பி கேட்டது

மகளுக்குப் பள்ளியில் ஒரு கட்டுரை. விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதினாள். ஆசிரியர் "அது செல்லாது, புத்தகம் பார்த்து எழுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். யோசித்தால் அவர் சொல்வது சரியென்றே படுகிறது. விஷயம் தெரிந்தவர் எழுதி, இன்னொரு தெரிந்தவர் சரிபார்த்து, அச்சில் வந்தால் அது கலைக்களஞ்சியம். தெருவில் போகிறவர் எழுதி, எதிர்வீட்டுக்காரர் அழித்து, அவர் மறுபடி எழுதினால் அது திண்ணைப் பேச்சு. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

10 ஜூன், காலை

திண்ணையை அவ்வளவு இளப்பமாகச் சொல்லாதீர்கள் தம்பி. எனக்குத் தெரிந்த தமிழில் பாதி, பர்மாவில் நான் இருக்கும் மோல்மேன் ஊரின் திண்ணைகளில் கற்றது.

தெரிந்தவர் எழுதினால் பிழை வராது என்பதை முதலில் விடுங்கள். பிரிட்டானிக்கா என்ற ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் முதல் பதிப்பு 1768 முதல் 1771 வரை எடின்பரோவில் மூன்று தொகுதிகளாக வந்தது. கலிபோர்னியா தீவா, தீபகற்பமா, நிச்சயமில்லை என்று அதில் போட்டிருந்தார்கள். பெண் என்ற தலைப்புக்கு ஒரே வரி: ஆணுக்குப் பெண்பால், மனிதன் என்ற தலைப்பைக் காண்க. அவ்வளவுதான், வேலை முடிந்தது.

2005 டிசம்பரில் நேச்சர் என்ற அறிவியல் இதழ் பிரிட்டானிக்காவையும் விக்கிப்பீடியாவையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பிழைகள் ஏறக்குறைய சமம்.

10 ஜூன், மதியம்

ஏறக்குறைய சமம் என்று காலையில் எழுதியது வாய்க்கு வந்தது. கணக்கு இது: 42 கட்டுரைகளை அந்தந்தத் துறைக்காரரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். விக்கிப்பீடியாவில் 162 பிழை, பிரிட்டானிக்காவில் 123. கட்டுரைக்கு நாலு, மூன்று என்று வையுங்கள். பெரிய தவறு என்று எண்ணியவை இரண்டிலும் நான்கு நான்கு. பிரிட்டானிக்கா 2006 மார்ச்சில் நீளமாக மறுப்பு வெளியிட்டது. நேச்சர் பின்வாங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த 42உம் அறிவியல் தலைப்புகள். அங்கே எழுத ஆள் அதிகம், சண்டை குறைவு. எங்கள் ஊர்க் கோவில் வரலாற்றுக்கு அந்தக் கணக்கு சாட்சி சொல்லாது.

11 ஜூன்

நான் பைண்டிங் கடை வைத்திருப்பவன். படிப்பாளி இல்லை. ஆனால் புத்தகத்தின் முதுகைப் பிரித்து உள்ளே பார்க்கிற வேலை என்பதால் சிலது கண்ணில் படும்.

பர்மிய மொழியில் மியன்மா ஸ்வேஸோன்ஜான் என்று ஒரு கலைக்களஞ்சியம். 15 தொகுதிகள். முதல் தொகுதி 1954, கடைசி 1976. தமிழில் பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியத்துக்கும் முதல் தொகுதி 1954தான். அது பத்துத் தொகுதியோடு 1968இல் முடிந்தது. இரண்டு நாடுகளும் சுதந்திரம் வாங்கிய கையோடு ஆரம்பித்த வேலை.

ஓய்வுபெற்ற பர்மியத் தலைமையாசிரியர் ஒருவர், நாங்கள் ஸயாஜி என்போம், அந்தப் பதினைந்தில் ஏழெட்டைக் கட்டிக் கொடுக்கச் சொல்லி எடுத்து வந்தார். மழைக்காலத்தில் மோல்மேனில் புத்தகம் வைத்திருப்பது மீனைக் கூடையில் வைத்திருப்பது போல. பூஞ்சணம் பிடித்து, தையல் விட்டு, ஃபாரம் ஃபாரமாகக் கழன்று வந்தது. பசையில் மயில்துத்தம் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

பிரித்தால் ஓரமெல்லாம் அவர் கையெழுத்து. நாட்டின் பெயர் வருகிற இடத்தில் சிவப்பு மையில் கோடு, பக்கத்தில் 1974 என்று எழுதிப் புதுப் பெயர். அப்புறம் அந்தப் புதுப் பெயரையும் அடித்து 1989. ஓர் ஊருக்கு எதிரே பத்திரிகைத் துண்டு ஒட்டியிருக்கிறார். ஒரு மரத்தின் படத்துக்குக் கீழே, "இது அந்த மரம் இல்லை, எங்கள் வீட்டில் இருக்கிறது" என்று ஒரு வரி.

நிபுணர் எழுதிய புத்தகத்தை ஒருவர் நாற்பது வருஷம் தனியாக உட்கார்ந்து திருத்தியிருக்கிறார். அவர் பிரதியில் மட்டும்தான் அந்தத் திருத்தம் இருக்கிறது.

12 ஜூன்

தம்பி கேட்கிறார்: "அவர் திருத்தியது சரிதான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. மரம் விஷயத்தில் மட்டும் நம்புகிறேன். அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் கூலி பேசினோம்.

13 ஜூன்

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரங்கூனில் ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். அறுபதுகளில் அது மூடியபின்தான் மோல்மேன் வந்தார். புதுப் புத்தகம் கையில் வந்தால் முதல் பக்கத்தைப் பார்க்க மாட்டார். கடைசிக்குப் போய் "பிழையும் திருத்தமும்" என்ற பக்கத்தைத் தேடுவார். பென்சிலை எடுத்துக்கொண்டு அதில் உள்ள ஒவ்வொரு பிழையையும் உள்ளே போய்த் திருத்திவிட்டுத்தான் படிக்க ஆரம்பிப்பார். அந்தப் பக்கம் இல்லாத புத்தகம் என்றால் முகம் சுருங்கும். "பிழையே இல்லையாம்" என்பார்.

எனக்கு எந்தக் கலைக்களஞ்சியம் உசத்தி என்ற வழக்கில் அக்கறை இல்லை. பிழை எங்கும் வரும். வந்தபின் அதை எங்கே எழுதி வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பேன். விக்கிப்பீடியாவில் வரலாறு என்று ஒரு தத்தல் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா? யார், எந்த நாள், எந்த மணிக்கு, எந்த எழுத்தை மாற்றினார் என்று முதல் நாளிலிருந்து எல்லாம் கிடக்கும். அப்பா பார்த்திருந்தால் கட்டுரையை விட்டுவிட்டு அதையே படித்துக்கொண்டிருப்பார்.

13 ஜூன், இரவு

தத்தல் என்று எழுதியதற்கு மூன்று பேர் என்னவென்று கேட்டுவிட்டார்கள். மேலே இருக்கும் பொத்தான்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் பழகிப் பழகி அந்தச் சொற்கள் வந்துவிட்டன.

16 ஜூன்

தாட்டோனிலிருந்து ஒரு டீச்சரக்கா எழுதியது நியாயம். "வரலாறு பக்கம் இருந்தால் போதுமா? அதைத் திறந்து பார்க்க ஆள் வேண்டாமா?" 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர் பற்றிய பக்கத்தில் ஒருவர் விளையாட்டாகப் புகுத்திய பொய், அவரைக் கென்னடி கொலையோடு இணைத்துப் பேசியது. நாலு மாதம் அப்படியே கிடந்தது. ஆங்கிலத்திலேயே அந்த நிலைமை.

மறுக்கவில்லை அக்கா. ஆனால் மறுபக்கக் கதையும் உண்டு. விக்கிப்பீடியாவுக்கு முன்னால் அதே ஆட்கள், ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும், 2000இல் நியூபீடியா என்று ஒன்று தொடங்கினார்கள். நிபுணர்கள் எழுத வேண்டும், ஏழு படி பரிசீலனை தாண்ட வேண்டும். 2003இல் மூடியபோது தேறியவை முப்பது கட்டுரைகூட இல்லை. அதற்குத் துணையாக 2001 ஜனவரியில் விளையாட்டுப் போல ஆரம்பித்ததுதான் விக்கிப்பீடியா. ஏழு படி ஏறி வருவதற்குள் படிக்கிறவன் தூங்கிவிடுவான்.

17 ஜூன்

நேற்றுக் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டேன். ஆரம்பத்தில் ஆங்கில விக்கிப்பீடியா நிரம்பியதே பழைய பிரிட்டானிக்காவை எடுத்துத்தான். 1911இல் முடிந்த பதினோராம் பதிப்பு, 29 தொகுதி, பதிப்புரிமை தீர்ந்தது. கட்டுரை கட்டுரையாக எடுத்துப் போட்டார்கள். மாமியார் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்துவிட்டு மாமியாருக்குச் சமைக்கத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

தமிழில் இரண்டிலும் சேராத ஒன்று இருக்கிறது, அபிதான சிந்தாமணி. 1910. குழுவும் இல்லை, கூட்டமும் இல்லை. சிங்காரவேலு முதலியார் என்ற ஒரே மனிதர் வருஷக்கணக்கில் தொகுத்தது. அச்சேறப் பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்தார். அதேபோலத் தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது ஆரம்ப வருஷங்களில் இ. மயூரநாதன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலை படித்தவர், ஆயிரக்கணக்கில் எழுதித் தள்ளினார். கூட்டம் கூட்டம் என்கிறோம், எடுத்துப் பார்த்தால் விடிய விடிய விழித்திருந்த நாலு பேர்.

20 ஜூன்

தம்பியின் மகள் புத்தகம் பார்த்தே எழுதிவிட்டாளாம். கடைத்தெருவில் வாங்கிய பொது அறிவுப் புத்தகம். அதன் படத்தைத் தம்பி அனுப்பினார். 31ஆம் பக்கத்தில், ஒரு வரியின் முடிவில், அச்சிலேயே "[சான்று தேவை]" என்று இருக்கிறது, விக்கிப்பீடியாவில் ஆதாரம் இல்லாத வரிக்குப் பக்கத்தில் போடுகிற அதே குறிப்பு. ஆசிரியர் முழு மதிப்பெண் போட்டாராம்.

23 ஜூன்

மழை. கடைக்கு ஆள் வரவில்லை. நீளமாக எழுதுகிறேன்.

இந்த நாட்டில் விக்கிப்பீடியா படிப்பது ஒரு காலத்தில் எழுத்துருச் சண்டையாக இருந்தது. பர்மிய விக்கிப்பீடியா யுனிகோடில். எங்கள் எல்லார் கைப்பேசியிலும் ஸோஜி எழுத்துரு. பக்கத்தைத் திறந்தால் கொம்பும் காலும் இடம்மாறி, எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். 2019 அக்டோபரில் நாடே யுனிகோடுக்கு மாறியது. அப்பாடா என்று படிக்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகவில்லை, 2021 பிப்ரவரியில் விக்கிப்பீடியா எல்லா மொழியிலும் அடைபட்டது. அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

அப்போது மருமகன் மெமரி கார்டில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கிவிக்ஸ் என்ற செயலி. விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி இணையம் இல்லாமலே படிக்கலாம். தமிழ்ப் பதிப்பு முழுக்க என் சட்டைப்பையில். கரண்ட் இல்லாத ராத்திரிகளில் அதுதான் துணை.

பிழை கண்ணில் படும். தொட்டால் ஒன்றும் நடக்காது, திருத்தும் வழி அதில் இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, கட்டுரைத் தலைப்பு, தப்பு, சரி என்று மூன்று கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தேன். நாற்பது பக்கம் வந்தது. ஸயாஜி வந்து பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்தபோதுதான் உறைத்தது, எல்லோரும் திருத்தும் கலைக்களஞ்சியத்தைப் பெட்டியில் அடைத்தால் அதுவும் 1954ஆம் வருஷத்துத் தொகுதிதான்.

24 ஜூன்

நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. அதில் பாதி தப்பு, தப்பே இல்லை. எனக்குத் தெரியாததை நான் தப்பு என்று எழுதியிருக்கிறேன்.

2 ஜூலை

இனி என் வழக்கு. எல்லோரும் திருத்தும் ஒரு தளத்தில் (பெயர் வேண்டாம், இன்னும் அங்கே புழங்குகிறவன்) எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றைப் பற்றிச் சின்னக் குறிப்பு எழுதினேன். கோவில் பெயரும் வேண்டாம். அம்மன், தீமிதி உண்டு, பர்மியர்களும் வந்து விளக்குப் போடுவார்கள், கோவில் கட்டிய வருஷம் 1889. போட்டு ஒரு மணிநேரம் இல்லை, வருஷம் இருந்த வரியைத் தூக்கிவிட்டார்கள். காரணம்: சான்று இல்லை.

கோபம் வந்தது. பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னால் பொய். எங்கள் தாத்தாக்கள் மண் சுமந்த கோவிலுக்கு எங்களிடமே சான்று கேட்கிறாயா? அறுபதுகளில் கிளம்பிப் போன குடும்பங்கள் ஓலையையும் ரசீதையும் கப்பலிலா ஏற்றிக்கொண்டு போயிருக்கும்? தமிழ்ப் பத்திரிகைகள் நின்று எத்தனை காலம்? அச்சில் இல்லாதவன் இருந்ததே இல்லையா? இப்படி ஒரு பக்கம் எழுதி, கட்டுரையைப் பற்றிப் பேச அங்கே இருக்கும் உரையாடல் பக்கத்தில் போட்டேன்.

3 ஜூலை

டீச்சரக்கா: "பெரிய தொகுதிகளில் உங்கள் கோவில் வந்திருக்குமா?"

வந்திருக்காது அக்கா. தூரன் குழு இந்தக் கோவிலைத் தேடி மோல்மேனுக்கு ஆள் அனுப்பியிருக்கவும் முடியாது. அங்கே வாசலே இல்லை. இங்கே வாசல் திறந்திருக்கிறது, உள்ளே விட சீட்டு கேட்கிறார்கள். எது மேல் என்று இன்று சொல்ல மனம் வரவில்லை.

5 ஜூலை

சான்று கிடைத்துவிட்டது! 1998 கும்பாபிஷேக மலர். மெட்ராஸில் அச்சடித்தது, 64 பக்கம், நடுவில் வண்ணப்படம். 12ஆம் பக்கத்தில் தலவரலாறு, அதில் "1889ஆம் ஆண்டு" என்று தெளிவாக இருக்கிறது. மேற்கோள் போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். நன்றி என்று ஒருவர் எழுதவும் செய்தார்.

7 ஜூலை

ஒன்றை மறைக்கிறேன் என்று இரண்டு நாளாக உறுத்துகிறது. அந்தத் தலவரலாற்றை எழுதியது நான்தான்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று குழுவில் பிடித்துப் போட்டார்கள். வருஷத்தை எங்கே எடுத்தேன்? பண்டாரத் தாத்தாவிடம் கேட்டேன். வாயில் ஒரு பல் கிடையாது, வெற்றிலை வேறு. "எங்கப்பா சொல்லுவாரு, விரோதி வருஷம் கும்பாபிஷேகம்னு." பஞ்சாங்கத்தைப் புரட்டி விரோதிக்கு 1889 என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தேன். பெயர் போடவில்லை, கீழே "ஆலயக் குழு" என்றுதான் வந்தது.

ஆக, என் காது என் கைக்குச் சொன்னது, கை மலருக்குச் சொன்னது, மலர் இப்போது எனக்கே சான்று சொல்கிறது.

7 ஜூலை, சற்றுப் பின்

விரோதிகிருது என்று இன்னொரு வருஷமும் இருக்கிறது என்று ஒருவர் நினைவூட்டுகிறார். அது 1911. வயிற்றைக் கலக்காதீர்கள்.

8 ஜூலை

தம்பி சந்தோஷமாக இருக்கிறார். "அதனால்தான் நிபுணர் வேண்டும் என்றேன்." அன்றைக்கு அந்தக் குழுவில் நிபுணர் நான்தான் தம்பி.

14 ஜூலை

கொஞ்சம் விலகிப் போகிறேன், காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் ஸ்காட்ஸ் என்று ஒரு மொழி. அதற்கும் ஒரு விக்கிப்பீடியா. 2020இல் தெரியவந்தது, அதில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதியவர் அந்த மொழியே சரியாகத் தெரியாத ஓர் அமெரிக்கப் பையன். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி மாற்றி மாற்றி எழுதியிருக்கிறான், கெட்ட எண்ணம் இல்லை, பன்னிரண்டு வயதில் ஆரம்பித்த ஆர்வம். வருஷக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை.

தமிழுக்கும் அப்படி ஒரு சோதனை வந்தது. 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியை வைத்து ஆட்களுக்குக் காசு கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி ஏற்றியது. நீளநீளமான கட்டுரைகள், தமிழ்போலவே இருக்கும். தமிழ் விக்கிப்பீடியாக்காரர்கள் ஆலமரத்தடியில் கூடிப் பேசி (அவர்கள் பொதுப்பேச்சுப் பக்கத்தின் பெயரே ஆலமரத்தடி, தம்பியின் திண்ணைக்குப் பெரியப்பா) எதிர்த்து நின்றார்கள். எண்ணிக்கை கூடுகிறதே என்று வாயைப் பிளக்கவில்லை. ஆள் இருந்ததால் நின்றது.

எங்கள் விஷயத்தில் ஆள் யார்? பர்மாத் தமிழர் கோவில் பக்கத்தைத் திறந்து "இது 1889 இல்லையே" என்று சொல்ல எத்தனை பேர்? நான் ஒருவன், என்னைத் திருத்தவும் நானே.

21 ஜூலை

கோவிலுக்குப் போனேன். கல் ஒன்று இருந்ததாக ஞாபகம். முன்மண்டபச் சுவரெல்லாம் பளபளவென்று டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. குருக்கள் மடைப்பள்ளிப் பக்கம் கையைக் காட்டினார். எண்ணெய் டின்களுக்குப் பின்னால், சுண்ணாம்பு ஏழெட்டு அடுக்கு ஏறி, ஒரு பலகைக்கல். டின்களை நகர்த்திவிட்டு ஈரத்துணியால் ஊறவைத்து, காகிதம் மடிக்கிற எலும்புத் தகட்டால் மெல்லச் சுரண்டினேன். ஒன்றரை மணிநேரம். மேலே மூன்று வரி உபயதாரர் பெயர், பாதி தேய்ந்து. நாலாவது வரி:

குரோதி ௵ தை ௴

விரோதி இல்லை. குரோதி. தாத்தா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வெற்றிலைக்கு அந்தப் பக்கம் என் காதுக்கு வந்தது வேறு.

இந்த வருஷமும் குரோதி என்பதைக் கவனித்தீர்களா? சித்திரை முதல் தேதி பஞ்சாங்கத்தில் பார்த்துவிட்டு, குரோதம் பிடித்த வருஷம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியென்றால் 1904. மலரில் பதினைந்து வருஷம் கூட்டிவிட்டேன்.

22 ஜூலை

இளைஞர்கள் கேட்பதற்கு: ௵ என்றால் வருஷம், ௴ மாதம். பழைய ரசீது, பத்திரம் எல்லாவற்றிலும் வரும்.

டீச்சரக்கா காதைத் திருகிவிட்டார். வருஷம் சித்திரையில் பிறக்கிறது. 1904 சித்திரையில் பிறந்த குரோதிக்குத் தை மாதம் எப்போது வரும்? 1905 ஜனவரி, பிப்ரவரியில். ஆகவே 1905. நேற்று 1904 என்றதை அடித்துவிடுங்கள். அடிக்க வேண்டாம், இருக்கட்டும், எப்படித் தப்பினேன் என்று தெரியட்டும்.

அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை குரோதி வரும். 1965 தையாக ஏன் இருக்கக் கூடாது? நல்ல கேள்வி. 1964இல் அரசு கடைகளை எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின, நம்மவர்கள் கப்பலுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அந்தத் தையில் யார் கல் வெட்டி வைத்திருப்பார்கள்? எழுத்து பழைய வடிவம் (ணை, லை எல்லாம் கொம்போடு), அதனால் பழைய கல்தான் என்று ஒருவர் சொல்கிறார். அது சாட்சி ஆகாது. எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978இல்தான், 1965இலும் கொம்பு இருந்தது. தாத்தாவின் அப்பா சொன்னார் என்பதுதான் எனக்குப் பெரிய சாட்சி. அறுபத்தைந்தில் அவர் இல்லை.

23 ஜூலை

1905 என்று போய்த் திருத்தினேன். மறுபடி 1889 ஆக்கிவிட்டார்கள். இந்த முறை காரணம்: சொந்த ஆய்வு கூடாது, அச்சில் வெளியான சான்று ஏற்கெனவே இருக்கிறது. வழக்கம்போல் கோபப்பட உட்கார்ந்தேன், வரவில்லை. கல்லைப் படித்து, கணக்குப் போட்டு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது நான். இன்னொருவன் இதே மாதிரி வந்து, "கல்லில் பார்த்தேன், கோவில் ஆயிரம் வருஷம்" என்றால் நானே தூக்கியிருப்பேன்.

கோவில் தர்மகர்த்தாவிடம் சொல்லிப் பார்த்தேன். புது மலர் வரப்போகிறது, அதில் மாற்றிவிடலாம் என்றேன். "இருக்கிற பெருமையில பதினாறு வருஷத்தைக் குறைக்கச் சொல்றீங்களா?" என்றார். அங்கே சான்று கேட்கவில்லை, பெருமை கேட்டார்கள்.

23 ஜூலை, இரவு

பதினைந்தா பதினாறா என்று யாரும் கேட்க வேண்டாம். 1889 என்றால் விரோதிச் சித்திரையா பங்குனியா என்று தாத்தா சொல்லவில்லை.

28 ஜூலை

கல்லைப் படம் எடுத்து, விக்கிப்பீடியாக்காரர்கள் படங்களைச் சேர்த்து வைக்கும் பொதுவகத்தில் ஏற்றினேன். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்தால்தான் எழுத்து தெரிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மடைப்பள்ளி ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வெயில் விழும், அதற்கு மூன்று நாள் மழை விட வேண்டியிருந்தது. ஸயாஜி கூட வந்து குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தமிழ் தெரியாது, ஆனால் ௵ போடும் விதத்தை இரண்டு தடவை கேட்டுத் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

உரையாடல் பக்கத்தில் எழுதினேன்: "1998 மலரின் தலவரலாற்றை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். அதை எழுதியவன் நான். காதில் தவறாக வாங்கி எழுதினேன். கல்லின் படம் இணைத்திருக்கிறேன்."

31 ஜூலை

பதில் வந்திருக்கிறது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மலரில் கட்டுரையாளர் பெயர் இல்லையாம், ஆலயக் குழு என்றுதான் இருக்கிறதாம். அதை நான்தான் எழுதினேன் என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்கிறார்கள்.

கேட்க வேண்டியதுதான். அன்றைக்கு மெட்ராஸுக்குக் கொடுத்தனுப்பும் முன் கார்பன் வைத்து ஒரு படி எடுத்த ஞாபகம். பரண்மேல் இருக்கும், கரையான் விட்டிருந்தால். நாளைக்கு ஏணி வாங்கி வர வேண்டும்.